அரைக் கட்டை

அக்டோபர் 29, புதன்

டாக்டரம்மா மாத்திரையை மாற்றிவிட்டார். இது மூன்றாவது. முதல் மாத்திரையில் என் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கேட்கவே இல்லை. அதைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆயுத பூஜையன்று கடைவீதியில் வலிப்பு வந்து விழுந்து, பின்மண்டையில் தையல் போட்டது.

"இது கேக்கும்மா. ஆனா ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டா முன்னைவிட மோசமா வரும்" என்றார் டாக்டரம்மா.

இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஸ்டேஜ் ஏறலாமா மேடம்?"

"ஏறலாம். பைக் மட்டும் தொடாதீங்க."

அதற்கே முகம் மலர்ந்துவிட்டது. குணாளன் என்றால் யாருக்கும் தெரியாது. ஜெரால்டு ஆர்க்கெஸ்ட்ராவின் கீபோர்டுக்காரர் என்றால் உறையூரிலிருந்து துறையூர் வரை தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேங்கைமலை முருகன் படத்தின் முன் வைத்தேன். வலிப்பு நின்றால் தைப்பூசத்துக்கு இருவருமாகப் படியேறி வருகிறோம்.

ஆட்டோ 180. மாத்திரை 412. கீரை 20.

நவம்பர் 6, வியாழன்

மாத்திரை மாற்றியதிலிருந்து ஒன்றும் வரவில்லை. முருகா.

சாயங்காலம் பருப்பு வேகும்போது அடுப்படிக்கு வந்து நின்றார். "குக்கர் வெயிட்டை மாத்துனியா வல்லி?"

"இல்லையே."

"அஞ்சு கட்டைல அடிக்கும். இப்ப நாலரைல அடிக்குது."

அவருடைய காது அப்படி. பாட்டின் சுருதியைக் கட்டை என்று எண்ணுவார்கள். ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக்கும் உள்ள இடைவெளிதான் அரைக் கட்டை. மிக்ஸி, மின்விசிறி, தெருவில் போகும் ஆம்புலன்ஸ், எதைக் கேட்டாலும் கட்டை சொல்வார். ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தால் தப்பாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சாமி பாட்டு ஒன்று பாடினேன். மாப்பிள்ளை சொன்ன ஒரே வார்த்தை, "நாலு கட்டை." உள்ளே இருந்த அம்மா, "என்னடி, விறகா கேக்குறாங்க?" என்றாள்.

வெயிட்டைக் கழுவி மாட்டினேன். மறுபடி விசில் அடித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். பழைய குக்கர், தேய்ந்திருக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

கீபோர்டை சர்வீஸுக்குக் கொடுத்தார். எல்லாக் கட்டையும் சுருதி இறங்கியிருக்கிறதாம். பார்த்துவிட்டு, "ஒரு கோளாறும் இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவர் கடைக்காரரைத் திட்டியபடியே வந்தார். ஆட்டோவோடு 350 தண்டம்.

காலையில் நான் போடும் சாமி பாட்டை எழுந்து வந்து அணைத்தார். தலைவலியாம்.

நவம்பர் 14, வெள்ளி

விளக்கேற்றிப் பாட ஆரம்பித்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். காற்று வேண்டுமாம். மாடியிலும் காற்றில்லை.

நவம்பர் 24, திங்கள்

நேற்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தில்லைநகரில் கல்யாண ரிசப்ஷன். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், போயிருந்தேன். முதல் பாட்டு தொடங்கியதுமே சபை முகம் சுளித்தது. எனக்கே தெரிந்தது, அவர் ஒரு பக்கம், கிதாரும் மற்றவர்களும் இன்னொரு பக்கம். பாட வந்த பிருந்தா வாயைத் திறந்துவிட்டு யாரோடு சேர்வது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எல்லாக் கட்டையும் அரைக் கட்டை ஏறி ஒலிக்கும். இறங்கிக் கேட்கிறதே என்று இவர் அதை அழுத்தி வைத்திருக்கிறார்.

ஜெரால்டு அண்ணன் மேடை ஓரமாக வந்து, "குணா, ட்ரான்ஸ்போஸ் ஏறியிருக்கு, எடுத்து விடுடா" என்றார்.

"நான் சரியாத்தான் இருக்கேன். நீங்க எல்லாரும் அரைக் கட்டை எறங்கி நிக்கிறீங்க!" இது மைக்கில் விழுந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

அண்ணன் தன் கையால் பொத்தானை எடுத்துவிட்டார். இவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு இறங்கி வந்துவிட்டார். மிச்சக் கச்சேரி கீபோர்டு இல்லாமல் நடந்தது. சாப்பிடாமல் வந்தோம்.

நவம்பர் 27, வியாழன்

இன்று சொன்னார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"மாத்திரை மாத்துன மறுவாரத்துலருந்து எல்லாமே அரைக் கட்டை எறங்கிக் கேக்குது வல்லி. என் விரல் அஞ்சை அழுத்துது, காதுல நாலரை விழுது. ரேடியோ, கோயில் மணி, எல்லாமே. நான் கேட்டு வளந்த பாட்டை யாரோ திருடிட்டுப் போயி, அதே மாதிரி வேற ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க."

"நான் பேசுறதுமா?"

"பேசுறது தெரியல." சுவரைப் பார்த்தபடியே, "நீ பாடுறதுதான்" என்றார்.

டாக்டரம்மாவைக் கேட்போம் என்றேன். மாதக் கடைசி, போகட்டும் என்றார்.

டிசம்பர் 3, புதன், கார்த்திகை தீபம்

அகல் எல்லாம் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டேன். இன்று பார்த்துக் கூடத்துக் கடிகாரம் நின்றுவிட்டது. அலமாரியில் மகன் நிலவன் சின்ன வயதில் தட்டிக்கொண்டிருந்த சின்னக் கீபோர்டு கிடக்கிறது. அதில் பேட்டரி இருக்குமே என்று பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரிக்குப் பதில் மாத்திரை. பஞ்சில் சுற்றி, சத்தம் வராமல் அடைத்து வைத்திருக்கிறார்.

கையில் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"போட்டா எறங்குது. ரெண்டு மூணு நாள் விட்டா ஏறிடுது" என்றார். குழந்தை மாதிரிச் சிரித்தார். "முந்தாநாள் காலைல நீ பாடுனப்ப சரியா நாலுல இருந்தே, தெரியுமா?"

சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன். நாலுல இருந்தே என்றதும் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். இன்றிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று தண்ணீர் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். விளக்கு வரிசையாக எரிந்தது. எல்லா வீட்டிலும் எரிந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

குளியலறையில் விழுந்துவிட்டார். தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தோம். ஒரு வலிப்பு ஓய்ந்ததும் அடுத்தது வந்தது. முன்பல் ஒன்று போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்கு எழுதவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் முன் டாக்டரம்மாவிடம் காது விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"இந்த மாத்திரைல சிலருக்கு அப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். நேர்ல பார்த்ததில்ல. சாதாரண ஆளுக்கு வந்தாலும் தெரியாது. இவருக்குக் காது கூர்மை, அதான் பிடிபடுது."

"வேற மாத்திரை இல்லைங்களா?"

"ரெண்டு பார்த்தாச்சே. ஒண்ணு ஒத்துக்கல, ஒண்ணு கேக்கல. கேக்குற மாத்திரை இது ஒண்ணுதான். இன்னொண்ணை வெச்சுப் பரிசோதிக்கிற நேரத்துல இன்னொரு தடவை இப்படி வந்தா, எழுப்ப முடியுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா."

அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். அவர் காதில் விழாதது எது?

டிசம்பர் 9, செவ்வாய்

போடுகிறார். நான் கொடுத்தால் போடுகிறார். நாக்குக்கு அடியில் ஒதுக்குகிறாரோ என்று சந்தேகம் வந்து வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். போன பல்லின் இடம் தெரிந்தது. இனிமேல் அப்படிக் கேட்கக் கூடாது.

மத்தியானம் எனக்கு ஒன்று தோன்றியது. "பாட்டை எல்லாம் அரைக் கட்டை ஏத்தி வெச்சுக் கேட்டா, உங்களுக்குச் சரியா இருக்குமில்ல?"

"நொண்டிக்குத் தரையைச் சாய்ச்சுக் குடுக்கிறியா?" என்றார். "பொய்யைக் கேட்டுட்டு என்னால இருக்க முடியாது. விடு."

பாட்டே இல்லாமல் இருக்கிறது வீடு. நான் விளக்குக்கு முன்னால் உதட்டை மட்டும் அசைக்கிறேன். முருகனுக்கு அது போதும். அவருக்குத் தினமும் ஏதோ ஒன்று குறைகிறது. இப்படியே போனால் மாத்திரை மறுபடி எங்கேயாவது பஞ்சுக்குள் போய்விடும்.

டிசம்பர் 11, வியாழன்

அவரிடம் சொல்லாமல் செய்வதென்று முடிவு செய்தேன். அறிந்து செய்யும் பொய். அதை முருகனிடம் சொல்லிவிட்டேன்.

புனே போகும்போது நிலவன் விட்டுச் சென்ற லேப்டாப்பில்தான் வீட்டுக் கணக்கு போடுகிறேன். அதுவும் நானே பார்த்துப் பழகியதுதான். பாட்டை வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்றை வீடியோ பார்த்து இறக்கிக்கொண்டேன். மாத்திரை மயக்கத்தில் அவர் மத்தியானம் தூங்குவார், அந்த நேரத்தில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது அவருடைய பாட்டையே. கல்யாணத்துக்கு முன் ஒரு முருகன் பாட்டு கேசட்டுக்கு அவர் ஆர்மோனியம் வாசித்தார். நிலவன் அதை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

ஏற்றினேன். சுருதியோடு வேகமும் ஏறிவிட்டது. பாடகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடினார். அப்படியே அழித்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வேகத்தை விட்டுவிட்டு சுருதியை மட்டும் மாற்ற வேறு இடம் இருக்கிறது. ஒரு கட்டம், அதில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று எண் போட வேண்டும். அரைக் கட்டைக்கு 0.5 போட்டேன். பாட்டு தன் நடையிலேயே நடந்தது, ஓடவில்லை. எனக்குச் சரியாகத்தான் கேட்டது. கூடத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

தூங்கி எழுந்து வந்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நிறுத்து! பல்லைப் பிடுங்குற மாதிரி இருக்கு. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. நடுவுல நிக்குது."

நிறுத்தினேன்.

"இதுல என்ன கை வெச்சே?"

"ஒண்ணுமில்லயே. ஸ்பீக்கர் பழசு."

"ஸ்பீக்கர்." என்னையே பார்த்தார். "சரி. ஸ்பீக்கரை நல்லாப் பாரு."

டிசம்பர் 13, சனி

சின்னக் கீபோர்டுக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். பாட்டின் சுருதி நாலு. நாலரைக் கட்டையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாகும்வரை அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். 1 போட்டதும் இரண்டு சத்தமும் பாலில் விட்ட தண்ணீர் மாதிரி கலந்துவிட்டன. நம்முடைய அரைக் கட்டைதான் இந்த மென்பொருளுக்கு ஒன்று. நான் நம் கணக்கில் அரை போட்டு, அரையிலும் பாதிதான் ஏற்றியிருக்கிறேன்.

சாயங்காலம் போட்டேன். அவர் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. விரல்கள் முறத்தின் விளிம்பில் வாசிக்க ஆரம்பித்தன. பாட்டு முடியும்வரை வாசித்தன.

"ஸ்பீக்கர் சரியாயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சுங்க."

மறுபடி கல் பொறுக்கினார். மாத்திரை நேரத்துக்குத் தானே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டார்.

பேட்டரி 80. நல்ல செலவு.

டிசம்பர் 16, செவ்வாய், மார்கழி 1

நான் நினைத்துப் பார்க்காதது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் விடிகாலையில் ஒலிபெருக்கி போட்டுவிட்டார்கள். தை பிறக்கும்வரை தினமும் போடுவார்கள். எல்லாம் அவர் சிறு வயதிலிருந்து கேட்ட பாட்டு. எழுந்து உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்துக் குத்திக்கொண்டிருந்தார். வீட்டுப் பாட்டை ஏற்றினேன், தெருவை எப்படி ஏற்றுவது?

டிசம்பர் 18, வியாழன்

ஏற்றிவிட்டேன். மைக்செட் பாஸ்கரனிடம் அவன் போடும் பாட்டுகளையே கேட்டு வாங்கி வந்து, எல்லாவற்றையும் ஏற்றி, பென்டிரைவில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "இரைச்சலை எடுத்துச் சுத்தம் பண்ணியிருக்கேன் தம்பி, இதைப் போடு. என் வேண்டுதல்னு வெச்சுக்கோ."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாக்கா? எனக்கு இந்த ஆம்ப்ளிஃபயர்ல சிவப்பு லைட் எரிஞ்சா போதும்" என்றான்.

பிள்ளையாரப்பா, உன் கோயில் வாசலிலேயே செய்கிறேன். தண்டனை என்றால் எனக்குக் கொடு.

டிசம்பர் 19, வெள்ளி

பாட்டு ஏறித்தான் வந்தது. தெருவில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கோலம் போட்டவர்கள் போட்டார்கள், பால் வாங்கியவர்கள் வாங்கினார்கள். பாஸ்கரன் மட்டும், "பாட்டு இன்னிக்குத் தூக்கலா இருக்குக்கா" என்றான்.

உள்ளே வந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"வல்லி, காது திரும்பிடுச்சு. மாத்திரையும் போடுறேன், காதும் திரும்பிடுச்சு."

நான் வாயைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று எனக்குத் தெரியும்.

"வீட்டுப் பாட்டு எப்படியோ போகட்டும்" என்றார். "ஸ்பீக்கர்ல ஆயிரம் இருக்கும். கோயில் பாட்டு பொய் சொல்லாதுல்ல?"

பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

குக்கரைப் பரணில் போட்டுவிட்டேன். ரப்பர் போய்விட்டது என்று சொன்னேன். பானையில் வடிக்கிறேன். விளக்குக்கு முன்னால் மறுபடி பாடுகிறேன், நாலரையில். மத்தியானம் சின்னக் கீபோர்டை வைத்துக்கொண்டு பழகுகிறேன். உச்சத்துக்குப் போகும்போது தொண்டை கிழிகிற மாதிரி இருக்கிறது. அவர் மாடிக்குப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

டிசம்பர் 27, சனி

ஜெரால்டு அண்ணன் கேக்கோடு வந்தார். இவரே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

"என்ன தங்கச்சி, உன் வீட்டுக்காரன் காது கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி திரும்பி வந்துடுச்சாமே?"

"உங்க சாமி இல்லண்ணே, முருகன்" என்றார் இவர்.

"யாரா இருந்தா என்னடா, பிப்ரவரி ஏழு லால்குடில கல்யாணம். வாசிக்கிறியா? மைக்கை உன் பக்கத்துல வைக்க மாட்டேன், அது மட்டும் கண்டிஷன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அண்ணனை வாசல் வரைக்கும் கொண்டுவிடப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். "பையன் முகம் தெளிஞ்சிருக்கும்மா, உன் புண்ணியம்" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

உள்ளே இவர் பெரிய கீபோர்டின் உறையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டையை அழுத்தினால் முடிந்தது. ஓடிப்போய் அதன்மேல் கை வைத்தேன்.

"வேண்டுதல் இருக்குங்க. தைப்பூசத்துக்கு மலைக்குப் போய் வந்துட்டுத்தான் தொடணும்னு வேண்டியிருக்கேன்."

"இது எப்ப வேண்டுனே?"

"அன்னிக்கே."

உறையைத் திரும்பப் போட்டுக் கட்டினார். முருகா, உன் பேரைச் சொல்லித் தள்ளிப் போட்டிருக்கிறேன். எத்தனை நாள் ஓடும்?

ஜனவரி 9, வெள்ளி

டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். வலிப்பு ஒரு முறைகூட வரவில்லை. இவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது கேட்டேன், காது தானாகச் சரியாகுமா என்று.

"மாத்திரை இருக்கிறவரைக்கும் இருக்கலாம்மா. சொல்ல முடியாது. ஏன், அவர் சரியாயிடுச்சுன்னாரே?"

"ஆமாங்க, சும்மா கேட்டேன்."

ஜனவரி 12, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. அவர் கடைக்குப் போய்ப் பனங்கற்கண்டும் மிளகும் வாங்கி வந்து தானே கஷாயம் வைத்தார்.

"கொஞ்ச நாளா பாடுறதுக்கு ரொம்ப மெனக்கெடுறியே. யாருக்கு? முருகனுக்கா?"

"வேற யாருக்கு."

"அவருக்கு நாலே போதுமே" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

ஜனவரி 15, வியாழன், தை 1

பொங்கல் நல்லபடி பொங்கியது. ஒலிபெருக்கி நின்றுவிட்டது. இனி தெரு மௌனம். எனக்கு மூச்சு வந்தது.

ஜனவரி 19, திங்கள்

நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. வெளியே வந்தால் முருகன் படத்துக்கு முன்னால், காசு முடிந்த துணிக்குப் பக்கத்தில், பென்டிரைவ் இருக்கிறது.

"பாஸ்கரன் வந்தான். உன்கிட்டக் குடுக்கச் சொன்னான்" என்றார். செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பாட்டு கேட்டான், குடுத்திருந்தேன்."

"சொன்னான். நல்லாச் சுத்தம் பண்ணியிருக்கியாம்."

பாஸ்கரனுக்கே விவரம் தெரியாது, அவன் என்ன சொல்லியிருக்கப் போகிறான். மாத்திரை வேளைக்குப் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் சமையலில் கவனமில்லை. உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். அந்தக் குழம்பையும் சாப்பிட்டார்.

ஜனவரி 28, புதன்

போகாமல் இருந்துவிடலாமா என்று கேட்டேன். படி நிறைய, உங்கள் உடம்புக்கு ஆகாது, காசை உண்டியலுக்கு அனுப்பிவிடலாம் என்றேன்.

"வேண்டிக்கிட்டது நீ. வராம இருந்தா எப்படி?" என்றார். "எனக்கும் அந்த மணியைக் கேக்கணும்."

வேங்கைமலை மணி ரெண்டு கட்டை. கல்யாணமான புதிதில் போனபோது சொல்லியிருக்கிறார். ஊரிலேயே அவ்வளவு சுத்தமான ரெண்டு கட்டை வேறில்லை என்பார். மணியை நான் எப்படி ஏற்றுவேன்?

பிப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

முதல் பஸ்ஸில் போனோம். நல்ல கூட்டம். காவடிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் படியேறினோம். பாதி வழியில் மேலேயிருந்து நாகஸ்வரம் கேட்டது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு ஏறினேன். வாசிக்க ஆரம்பித்தன. நின்றன. மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றன. பிறகு கம்பியைச் சும்மா பிடித்துக்கொண்டார்.

"மூச்சு வாங்குதாங்க? உக்காருவோமா?"

"இல்ல, நட."

உச்சி தீபாராதனைக்கு மணி அடித்தார்கள். எல்லாரும் அரோகரா என்று கையைத் தூக்கினார்கள். நான் முருகனைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மணி ஓய்ந்து ரீங்காரம் அடங்கும்வரை அப்படியே நின்றார். திரை போட்ட பிறகும் நின்றார். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள்.

வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்ததும் என் நெற்றியில் திருநீறு சரியாக இல்லையென்று துடைத்து இட்டுவிட்டார்.

"மணி…" என்றேன்.

"மணிக்கென்ன? நல்லாத்தான் இருக்கு."

"என்னங்க…"

"என்ன வேண்டிக்கிட்டே?"

"வலிப்பு நிக்கணும்னு."

"நின்னுடுச்சுல்ல? அப்புறம் என்ன, காசைப் போட்டுட்டு வா."

போட்டுவிட்டு வந்தேன். அடிவாரத்து டீக்கடையில் என்னை உட்கார வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று ஜெரால்டு அண்ணனுக்குப் போன் செய்தார். "ஏழாம் தேதிக்கு வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே… இல்ல, கோவமெல்லாம் இல்ல… விரல் பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்… சொல்றேன்ணே, தங்கச்சிகிட்டச் சொல்றேன்."

வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். கடைத் தண்ணீரில் போட்டுக்கொண்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஞாபகப்படுத்தவும் இல்லை.

மாதக்கணக்கில் தொடாமல் இருந்தால் விரல் பழக்கம் விட்டுத்தான் போகும். நான்தான் தொட விடவில்லை.

பஸ் 96. அர்ச்சனை 30. டீ 30. பஞ்சாமிர்தம் 60.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பரணுக்கு நாற்காலி போட்டு ஏறிக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன். குக்கரோடு இறங்கினார்.

"இதுலயே வை. பானைல வடிச்சு கேஸ் வீணாகுது. நீ கணக்கு எழுதுறவ, உனக்கு நான் சொல்லணுமா?"

"ரப்பர் போயிடுச்சே."

மூடியைத் திருப்பி ரப்பரை இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று என் கையில் கொடுத்தார்.

பருப்பு வைத்தேன். அவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முதல் விசில் வந்தது. தாளைத் திருப்பினார். இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. அடுப்பை அணைத்தேன். என்ன கட்டை என்று அவர் சொல்லவில்லை.

பருப்பு நன்றாகக் குழைந்திருந்தது.